கன்னியாகுமரியில் ஒரே லாட்ஜில் தங்கிய 4 பேருக்கு நிமோனியா. நாளைக்கு டேங்கைக் கழுவப் போகிறார்கள், விடலாமா?

தக்கலைப் பெண்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள், நாளைக் காலைக்குள் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்.

பத்து நாளைக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை, தக்கலையில் என் தம்பி கல்யாணம். சென்னையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்த சொந்தக்காரர்கள், இவ்வளவு தூரம் வந்துவிட்டு சூரிய உதயம் பார்க்காமல் போவதா என்று கேட்டதால் கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜில் ரூம் போட்டோம். வெள்ளி சாயங்காலம் வந்து திங்கள் காலை கிளம்பினார்கள். டிரைவர்களையும் சேர்த்து 54 பேர்.

புதன்கிழமை பெரியப்பாவுக்குக் காய்ச்சல், உடம்பு வலி, வறட்டு இருமல். அவருக்கு 68 வயது, சர்க்கரை உண்டு, பீடியையும் விடவில்லை. வெள்ளிக்கிழமை நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதி முழுக்க வெள்ளையாக இருந்தது. மூன்று நாள் செஃப்ட்ரையாக்சோன் ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை, ஆக்சிஜன் வைத்தார்கள், ராத்திரியில் ஆளை அடையாளம் தெரியாமல் பேசினார். திங்கட்கிழமை டாக்டர் மருந்தை மாற்றினார், லெவோஃப்ளாக்சசின் என்று சீட்டில் இருக்கிறது. இன்றைக்குத்தான் கொஞ்சம் தெளிவாகப் பேசினார். டெங்கு இல்லை, கோவிட் இல்லை, சளியை வளர்த்துப் பார்த்ததிலும் ஒன்றும் வரவில்லை.

இதற்கிடையில் திருநெல்வேலியில் சித்தப்பா, சென்னையில் அத்தை, அப்புறம் எங்கள் வேன் டிரைவர் அண்ணன், மூன்று பேருக்கும் நிமோனியா. ஆளுக்கொரு ஆஸ்பத்திரி, ஆளுக்கொரு டாக்டர். நான்கு பேரும் ஒரே கல்யாணத்துக்கு வந்தவர்கள் என்று ஒரு டாக்டருக்கும் தெரியாது. நான்தான் போனில் ஒவ்வொருவராக விசாரித்தபோது எண்ணிப் பார்த்தேன்.

சொந்தத்தில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். சாப்பாடு என்கிறார்கள், எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் என்கிறார்கள், மழையில் கடற்கரையில் நின்றதுதான் என்கிறார்கள். தொற்றிக்கொள்ளும் என்று பெரியம்மாவைப் பார்க்கக்கூட யாரும் வருவதில்லை.

லாட்ஜ்காரர் மாமாவுக்கு வேண்டப்பட்டவர். விஷயத்தைக் கேள்விப்பட்டுப் பதறிப்போய், "நாளைக்கே பிளீச்சிங் பவுடர் போட்டு எல்லா டேங்கையும் கழுவிவிடுகிறேன், கார்த்திகை ஒண்ணாம் தேதி வருது, வெளியே சொல்லாதீங்க" என்கிறார். அவர் நல்ல மனுஷர்தான். கழுவட்டும் என்றுதான் மாமாவும் சொல்கிறார். அது சரியா? யாரிடம் சொல்ல வேண்டும்? இதையெல்லாம் எப்படித்தான் கண்டுபிடிப்பார்கள்?

ஓய்வுபெற்ற ஹெச்.ஐ., குழித்துறை:

மக்களே, நான் சுகாதார ஆய்வாளராக (ஹெச்.ஐ.) இருந்தவன். முதலில் இதைச் செய்: லாட்ஜ்காரருக்கு இப்போதே போன் போட்டு டேங்கைத் தொடாதே என்று சொல். தண்ணீர் மாதிரி எடுக்கும் முன்னால் கழுவினால் கண்டுபிடிப்பதற்கு எதுவுமே மிஞ்சாது. அதற்காக ரூமை வாடகைக்கு விட்டுக்கொண்டே இருக்கவும் கூடாது. உங்கள் ஆட்கள் தங்கிய மாடியைப் பூட்டிவிட்டு, மற்ற ரூம்களிலும் ஷவரையும் வெந்நீரையும் நிறுத்தச் சொல். இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும்.

அடுத்தது 104-க்குப் போன் செய். நாகர்கோவிலில் மாவட்ட சுகாதார அலுவலர் அலுவலகம் இருக்கிறது, எங்கள் காலத்தில் டி.டி. (துணை இயக்குநர்) ஆபீஸ் என்போம், நேரிலேயே போய் எழுதிக் கொடு. இது புகார் இல்லை, தகவல். ஒரே இடத்தில் இருந்தவர்களுக்கு ஒரே மாதிரி நோய் வந்தால் அதைப் பதிவு செய்து விசாரிப்பதற்கென்றே மாவட்டத்தில் நோய்க் கண்காணிப்புப் பிரிவு இருக்கிறது. நீ போகும்போது கையில் ஒரு லைன் லிஸ்ட் இருந்தால் அவர்கள் வேலை பாதி முடிந்த மாதிரி.

லைன் லிஸ்ட் என்றால் ஒரு நோட்டில் கோடு போட்டு, ஒரு ஆளுக்கு ஒரு வரி. பெயர், வயது, எந்த ரூம், எத்தனை ராத்திரி, முதல் காய்ச்சல் எந்தத் தேதி, சர்க்கரை, பீடி சிகரெட், எங்கே சாப்பிட்டார், எங்கே குளித்தார், எப்படிக் குளித்தார். இதில் எல்லாரும் ஒரு தப்புப் பண்ணுவார்கள், நோய் வந்தவர்களிடம் மட்டும் கேட்பார்கள். வராதவர்களிடம்தான் விடை இருக்கிறது. நான்கு பேரும் கல்யாண வீட்டில் சாப்பிட்டார்கள் என்றால் அதில் ஒன்றுமில்லை, சாப்பிட்ட அத்தனை பேரில் மீதிப் பேர் நன்றாகத்தானே இருக்கிறார்கள். நோயாளி செய்து மற்றவர்கள் செய்யாதது எது என்று பார்க்க வேண்டும். 54 பேரிடமும் ஒரே கேள்விகளை, ஒரே வரிசையில், நீயாக விடையை எடுத்துக் கொடுக்காமல் கேள்.

நீ சொன்னதில் எனக்கு உறுத்துகிற ஆள் அந்த டிரைவர். சொந்தக்காரர் இல்லை, வயதிலும் இளையவராகத்தான் இருப்பார். அவர் எங்கே சாப்பிட்டார், எங்கே படுத்தார், எங்கே குளித்தார் என்று தனியாகக் கேள். கூட்டத்தோடு ஒட்டாத ஒரு ஆளுக்கு நோய் வந்தால் அவர்தான் வழி காட்டுவார். காலரா, மஞ்சள்காமாலை விசாரணைகளில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

சோதனைக்கூடத்து அக்கா:

நான் மைக்ரோபயாலஜி லேபில் வேலை பார்க்கிறேன். நீங்கள் எழுதியதைப் படித்ததுமே லெஜியோனெல்லா என்ற பாக்டீரியாதான் நினைவுக்கு வந்தது. அதுதான் என்று இங்கே உட்கார்ந்து சொல்ல முடியாது, ஆனால் கேட்டுப் பார்க்க வேண்டியது. லாட்ஜில் தங்கிவிட்டுப் போய், 2 முதல் 10 நாளுக்குள் காய்ச்சல், வறட்டு இருமல், மனக்குழப்பம், சில பேருக்கு வயிற்றுப்போக்கு, பென்சிலின் வகை ஊசிக்கும் செஃப்ட்ரையாக்சோனுக்கும் கேட்காமல் லெவோஃப்ளாக்சசினுக்கோ அசித்ரோமைசினுக்கோ கேட்பது, எல்லாம் அதற்குப் பொருந்துகிறது. இது நம் உடம்பின் செல்லுக்கு உள்ளே போய் உட்கார்ந்து பெருகும், அதனால்தான் அந்த ஊசிகள் அதை எட்டுவதில்லை.

சளியில் ஒன்றும் வளரவில்லை என்பதை வைத்து பாக்டீரியா இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். கிருமி வளர்க்க சாதாரணமாக நாங்கள் போடும் தட்டில் இது வளரவே வளராது. கரியும் ஈஸ்ட் சாறும் சிஸ்டீனும் இரும்பும் கலந்த தனித் தட்டு வேண்டும், அதிலும் மூன்று நாளிலிருந்து பத்து நாள் வரை காத்திருக்க வேண்டும். டாக்டர் சீட்டில் பெயர் எழுதிக் கேட்காவிட்டால் எந்த லேபும் தானாகப் போடாது.

உங்களுக்கு ஒரு நல்ல செய்தி, சிறுநீரில் பார்க்கிற ஆன்டிஜன் டெஸ்ட் ஒன்று உண்டு. மருந்து ஆரம்பித்த பிறகும் பல நாள், சிலருக்கு வாரக்கணக்கில், பாசிட்டிவாகவே இருக்கும். நான்கு பேருக்கும் இப்போதுகூடக் கேட்கலாம், டிஸ்சார்ஜ் ஆனவருக்கும் கேட்கலாம். ஆனால் அது செரோகுரூப் 1 என்ற வகையைத்தான் நன்றாகப் பிடிக்கும், நெகட்டிவ் வந்தால் விஷயம் முடிந்தது என்று ஆகாது. அதனால் சளியையும் எடுத்து பிசிஆருக்கும் அந்தத் தனித் தட்டுக்கும் அனுப்பச் சொல்லுங்கள். ஆளிடம் வளர்ந்த கிருமியும் தண்ணீரில் வளர்ந்த கிருமியும் ஒரே வம்சமா என்று மரபணு வைத்துப் பார்த்தால்தான் இந்த லாட்ஜ்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியும். இரண்டு பக்கமும் மாதிரி வேண்டும் என்பது இதற்காகத்தான்.

தண்ணீரை வீட்டுப் பாட்டிலில் பிடித்து வைக்காதீர்கள். குளோரினை முறிக்க சோடியம் தயோசல்பேட் போட்ட சுத்தமான பாட்டில் வேண்டும், ஒரு இடத்துக்கு ஒரு லிட்டராவது எடுப்பார்கள். ஷவரின் உள்பக்கத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைத்தும் எடுப்பார்கள். துறை ஆட்கள் வந்து செய்யட்டும், நீங்களே ஷவரைத் திறந்து விட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்காதீர்கள்.

பெரியம்மாவிடம் சொல்லுங்கள், இது லெஜியோனெல்லாவாக இருந்தால் ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றாது. போர்ச்சுகலில் 2014-இல் ஒரே ஒரு சம்பவத்தில் அப்படி நடந்திருக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். பொடித்துளியாகத் தெறிக்கும் தண்ணீரை மூச்சில் இழுப்பதால்தான் வருகிறது.

சீசன் பிளம்பர்:

நான் கன்னியாகுமரியில் 14 வருஷமாக லாட்ஜ்களில் குழாய் வேலை பார்க்கிறேன். டாக்டர் விஷயம் எனக்குத் தெரியாது, தண்ணீர் விஷயம் தெரியும்.

எங்கள் ஊரில் லாட்ஜ் எப்படி ஓடும் என்றால் ஐயப்ப சாமிமார் வருகிற கார்த்திகை, மார்கழி, பொங்கல் வரை நிறையும், மே மாதம் நிறையும். மற்ற மாதங்களில் மேல் மாடியைப் பூட்டிவிடுவார்கள். மூன்று நான்கு மாதம் அந்த மாடிக் குழாயில் தண்ணீர் அசையாமல் கிடக்கும். திடீரென்று ஒரு கல்யாணக் கூட்டம் வந்தால் ரூமைப் பெருக்கி, விரிப்பு மாற்றி, பினாயில் போட்டு சாவியைக் கொடுப்பார்கள். குழாயைத் திறந்து பத்து நிமிஷம் ஓடவிட யாருக்கும் தோன்றாது.

அடுத்தது சோலார் வெந்நீர் டேங்க். வெயில் காலத்தில் அதில் கை வைக்க முடியாது. நமக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை, அந்த நாட்களில் டேங்க் தண்ணீர் குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூட்டிலேயே நாள்கணக்கில் நிற்கும். கரண்ட் மிச்சம் என்று ஹீட்டரையும் போட மாட்டார்கள். உங்கள் ஆட்கள் வந்தது ஐப்பசி மழையில்தானே?

போன வருஷம் ஒரு இடத்தில் தண்ணீர் சரியாக வரவில்லை என்று ஷவரைக் கழற்றினேன். கடலோர போர்வெல் தண்ணீர் என்பதால் வெளியே வெள்ளையாக உப்பு கட்டி, பாதி ஓட்டை அடைந்து கிடந்தது. உள்ளே விரலை விட்டால் கழுவாத கஞ்சிப் பானை போல வழுவழுவென்று காப்பி நிறத்தில் ஒரு படலம். சுண்டி எடுத்தால் தோல் மாதிரி உரிந்து வந்தது. ஓட்டை அடைந்த ஷவரில் தண்ணீர் தாரையாக விழாது, புகை மாதிரி சிதறும். அக்கா எழுதியதைப் படித்த பிறகு அது கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறது. முகமூடிகூடப் போடாமல் நின்றேன்.

லாட்ஜ்காரர் பிளீச்சிங் பவுடர் போட்டால் டேங்க் சுத்தமாகும், ஆனால் அந்தப் படலமும், பழைய பாத்ரூமை மாற்றும்போது மூடி போட்டு அடைத்துவிட்ட பைப் துண்டுகளும் அப்படியே இருக்கும். ஒரு மாசத்தில் திரும்ப வந்துவிடும். பைப் எங்கெங்கே போகிறது என்று தெரிந்த ஆளைத் துறைக்காரர்களோடு அனுப்பச் சொல்லுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்:

அக்கா எழுதியதுடன் ஒத்துப்போகிறேன். 20-லிருந்து 45 டிகிரி வரை அந்தக் கிருமிக்கு ஏற்ற சூடு, 60-க்கு மேல் தாக்குப்பிடிக்காது. பிளம்பர் அண்ணன் சொன்ன குழந்தைக் குளியல் சூடு நடுவில் வந்து உட்காருகிறது.

ஆனாலும் எல்லாரும் ஒரே பக்கம் சாய்வது எனக்குக் கவலையாக இருக்கிறது. நம் மாவட்டத்தில் மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் நுரையீரலைத் தாக்கும், உண்ணிக் காய்ச்சலும் தாக்கும், சர்க்கரை உள்ளவர்களுக்கு மண்ணிலும் சேற்றிலும் இருக்கும் கிருமியால் மெலியாய்டோசிஸ் என்ற நோய் வரும், அதன் மருந்து வேறு. எல்லாவற்றையும் விலக்கிப் பார்க்க வேண்டும். லாட்ஜையே பிடித்துக்கொண்டு நிற்கவும் கூடாது. பக்கத்தில் மீன்பிடித் துறைமுகத்துக்கு ஐஸ் போடும் கம்பெனியோ, பெரிய ஏசி கட்டடமோ உண்டா? அங்கெல்லாம் தண்ணீரைத் தெளித்துச் சூட்டைத் தணிக்கும் கூலிங் டவர் இருக்கும், அதன் சாரல் காற்றில் வெகுதூரம் போகும். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 2015-இல் ஒரு ஹோட்டல் கூலிங் டவரால் சுற்று வட்டாரத்தில் 138 பேருக்கு நோய் வந்து 16 பேர் இறந்தார்கள், ஹோட்டலுக்குள்ளே கால் வைக்காதவர்களுக்கும் வந்தது.

1976-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவிலும் இப்படித்தான். முன்னாள் ராணுவ வீரர்கள் சங்க மாநாட்டுக்காக ஜூலையில் ஒரு ஹோட்டலில் கூடி, ஊருக்குப் போன பிறகு ஆங்காங்கே நிமோனியாவில் விழுந்தார்கள். ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு டாக்டர், நீங்கள் சொன்ன அதே நிலைமை. 221 பேருக்கு நோய், 34 சாவு. பன்றிக் காய்ச்சலா, விஷமா, நிக்கல் உலோகமா என்று மாதக்கணக்கில் தேடினார்கள். ஹோட்டல் முன்கூடத்தில் அதிக நேரம் இருந்தவர்களுக்கு அதிகமாக வந்தது என்பதைக் கேள்வித்தாள் வைத்தே கண்டுபிடித்துவிட்டார்கள், கிருமிதான் கிடைக்கவில்லை. டிசம்பர் கடைசியில் ஜோசப் மெக்டேட் என்ற விஞ்ஞானி பழைய மைக்ரோஸ்கோப் கண்ணாடித் தகடுகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோதுதான் குச்சி வடிவத்தில் இந்த லெஜியோனெல்லாக் கிருமி கண்ணில் பட்டது. 1977 ஜனவரியில் அறிவித்தார்கள். அப்புறம் 1965-லும் 1968-லும் விடை தெரியாமல் கிடந்த இரண்டு பழைய சம்பவங்களின் ரத்த மாதிரிகளை உறைபெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தார்கள், இரண்டும் இதே குடும்பம். யாரோ அவற்றைக் கொட்டாமல் வைத்திருந்ததால்தான் அது முடிந்தது.

அந்த 1968 சம்பவம் மிச்சிகனில் பாண்டியாக் ஊரின் சுகாதாரத் துறைக் கட்டடத்திலேயே நடந்தது. நிமோனியா இல்லை, ஒன்றிரண்டு நாளில் காய்ச்சல், உடம்பு வலி, தானாகச் சரியாகிவிட்டது. அதனால் உங்கள் லிஸ்டில் திங்கள் செவ்வாயில் சும்மா இரண்டு நாள் காய்ச்சல் வந்து போன இளவட்டங்களையும் தனியாகக் கேட்டு எழுதுங்கள். பொதுவாக நிமோனியா நூறு பேரில் ஐந்து பேருக்குக்கூட வராது, இந்தச் சின்னக் காய்ச்சல் பெரும்பாலானவர்களுக்கு வரும்.

மருந்தை யாரும் இதைப் படித்துவிட்டு மாற்ற வேண்டாம். நான்கு டாக்டர்களுக்கும் மற்ற மூன்று பேரைப் பற்றிச் சொல்லுங்கள், இன்று ராத்திரியே.

தக்கலைப் பெண்:

எல்லாருக்கும் நன்றி. மூன்று நாள் கழித்து எழுதுகிறேன், வேலை அப்படி.

அன்றைக்கு ராத்திரியே மாமாவை அழைத்துக்கொண்டு லாட்ஜ்காரர் வீட்டுக்குப் போனேன். முதலில் அவருக்குக் கோபம் வந்தது. "உங்கள் ஆட்கள் போன பிறகு அதே ரூமில் யாராவது தங்கினார்களா" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு உள்ளே போய் ரிஜிஸ்டரை எடுத்து வந்து கொடுத்தார். கல்யாணத்துக்குப் பிறகு மூன்றாம் மாடியில் இரண்டு குடும்பம் தங்கியிருக்கிறது. மாடியைப் பூட்டிவிட்டார்.

ஹெச்.ஐ. சார் சொன்ன மாதிரி நோட்டில் கோடு போட்டு 54 பேரில் 51 பேரிடம் பேசிவிட்டேன். நோய் வந்த பெரியப்பா, சித்தப்பா, அத்தை மூவரும் மூன்றாம் மாடி. டிரைவர் அண்ணனைத் தவிர, கீழே தங்கியவர்களுக்கு ஒன்றும் இல்லை. மூன்றாம் மாடியில் இருந்த கல்லூரிப் பிள்ளைகளில் ஒன்பது பேருக்குத் திங்களும் செவ்வாயும் காய்ச்சல், கல்யாண அலுப்பு என்று பாராசிட்டமால் போட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லவில்லை. பெரியம்மா அதே ரூம்தான், ஆனால் எப்போதும் போல விடியற்காலையில் வாளியில் பச்சைத் தண்ணீர் பிடித்துக் குளித்திருக்கிறார். அவருக்கு ஒரு தும்மல்கூட இல்லை.

டிரைவர் அண்ணன் விஷயம்தான் எனக்கு உடம்பைச் சிலிர்க்க வைத்தது. அவர் கல்யாண வீட்டில் சாப்பிடவே இல்லை, வண்டியைப் பார்த்துக்கொண்டு வெளியே புரோட்டா சாப்பிட்டிருக்கிறார். படுத்தது கீழே டிரைவர்கள் ரூமில். லாட்ஜே காரணம் இல்லை போலிருக்கிறதே என்று குழம்பிப்போய் அவர் மனைவியிடம் பேசினேன். "பெரியவரு நல்ல மனசு, மழையில நனைஞ்சிட்டியே, மேலே வந்து என் ரூம்ல வெந்நீர்ல குளிச்சிட்டுப் போன்னு ரெண்டு நாளும் கூப்பிட்டாராம்" என்றார் அந்த அக்கா. அதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நோட்டை மூடி வைத்துவிட்டேன்.

நோட்டை நாகர்கோவிலில் கொடுத்தேன். மறுநாளே ஆட்கள் வந்தார்கள், முகக் கவசம் போட்டு, பிளம்பர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு. சோலார் டேங்க், மூன்றாம் மாடி ஷவர்கள், கீழ்மாடிக் குழாய் எல்லாவற்றிலும் தனித்தனியாக மாதிரி எடுத்தார்கள். ஒரு ஆள் டேங்கில் தெர்மாமீட்டர் விட்டுப் பார்த்து 38 என்று எழுதியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஐஸ் கம்பெனியும் போய்ப் பார்த்தார்களாம். பெரியப்பாவுக்குச் சிறுநீர் டெஸ்ட் பாசிட்டிவ். சித்தப்பாவுக்கும் பாசிட்டிவ். அத்தைக்கு நெகட்டிவ், சளி அனுப்பியிருக்கிறார்கள். டிரைவர் அண்ணனுக்கு இன்னும் ரிசல்ட் வரவில்லை. அவர் ஆஸ்பத்திரிச் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

ஓய்வுபெற்ற ஹெச்.ஐ., குழித்துறை:

நல்ல வேலை செய்தாய் மக்களே. தண்ணீர் ரிசல்ட் வர ஒன்றிரண்டு வாரம் ஆகும், அதுவரை அந்த மாடி பூட்டியே இருக்கட்டும். நடுவில் நெகட்டிவ் வந்துவிட்டது என்று யாராவது வாய்வழி சொன்னால் எழுத்தில் கேள். நீ இன்னும் பேசாத அந்த மூன்று பேரையும் விடாதே, பேச முடியாதவர்களில் ஒருவர் படுக்கையில் கிடந்தாலும் கிடக்கலாம். ரிஜிஸ்டரில் இருக்கிற அந்த இரண்டு குடும்பத்துக்குத் துறையிலிருந்து போன் போனதா என்று கேட்டாயா?

தக்கலைப் பெண்:

கேட்டேன் சார். ஒரு குடும்பம் பாலக்காடு, பேசிவிட்டார்கள், எல்லாரும் நலம். இன்னொரு குடும்பம் கொடுத்த நம்பர் சுவிட்ச் ஆஃப். விலாசத்தில் மதுரை என்று இருக்கிறது, அங்கே உள்ள அலுவலகத்துக்குத் தகவல் அனுப்பியிருப்பதாகச் சொன்னார்கள். அந்தக் குடும்பத்தில் 70 வயதுக்காரர் ஒருவர் இருக்கிறார் என்று ரிஜிஸ்டரில் பார்த்தேன். நானும் காலையிலிருந்து அந்த நம்பருக்குப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.